பார்சல் மட்டும் ஒரு நாள் தாமதம்

சுலோச்சனா மத்தியான மினி பஸ்ஸில் வந்து இறங்கியபோது எங்கள் வாட்டர் டேங்க் தெருவில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை, ஏனென்றால் அன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாள், குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு வானத்திலிருந்தே ஆள் குதித்தாலும் தங்கள் குடத்துக்கு முன்னால் குதிக்காதவரை சரிதான். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது, கூடையில் ஒன்றுமில்லை. சேலையில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கசங்கல் இல்லை. அந்தச் சித்திரை வெயிலுக்கு நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நேராக வரிசைக்கு வந்து, யாரும் கேட்காமலே பேசினாள்.

"என் பெயர் சுலோச்சனா. வயது நாற்பத்திரண்டு. பூவாணிப்பட்டி வாட்டர் டேங்க் தெருவில் வசிக்கிறேன். ஐந்து வருடங்களாக மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியாமல் அவதிப்பட்டேன். இந்தத் தைலத்தைப் பயன்படுத்திய இரண்டே வாரங்களில் பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். மிகவும் திருப்தி. பார்சல் மட்டும் ஒரு நாள் தாமதமாக வந்தது."

"நம்ம தெருவுலயா இருக்கிய? எந்த வீடும்மா?" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். சுலோச்சனா சிரித்தாள், சிரித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, நாங்கள் குடத்தைப் பார்க்கப் போய்விட்டோம்.

அவள் சொன்னது தெருவில் ஒருத்திக்கு மட்டும் ஏற்கெனவே மனப்பாடம். டேங்க்குக்கு எதிர் வீட்டு மாடியில் ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புஷ்பகலாதான் அந்த வரிகளை எழுதியவள், நாற்பத்திரண்டு வயதில் பேரன் இருப்பானா என்று ஒரு நிமிஷம் யோசித்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவள். தான் எழுதியது கீழே நின்று பேசுவதைக் கேட்டு அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

புஷ்பகலா எம்.ஏ. படித்தவள். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள், பிள்ளைகள் குறைந்ததும் முதலில் அவளைத்தான் குறைத்தார்கள். அப்பா அம்மா இல்லை, வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய்த் தட்டிப்போய்க் கல்யாணப் பேச்சே நின்றுவிட்டது, அக்கா சந்திரகலா வீட்டு மாடிதான் அவளுக்கு இருப்பிடம். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. அக்கா புருஷன் தங்கமாரியப்பன் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறவர், சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், குறை சொல்வதில் எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெயிலடித்தால் வெயிலைத் திட்டுவார், மழை பெய்தால் இதெல்லாம் ஒரு மழையா என்பார், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் மேளக்காரனுக்குச் சாப்பாடு போடவில்லையா என்று கேட்டுவிட்டு வருவார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்துக்கே, "ஏளா, இது கொழம்பா, கொழாய்த் தண்ணியா?" என்பார், சந்திரகலாவும் விடாமல், "கொழாயில தண்ணி வந்தாத்தான தெரியும்!" என்பாள், கல்யாணமான நாளிலிருந்து மாறாத இந்த வசனத்தைத் தெருவே கேட்கும், கேட்டுவிட்டு, சரி, சந்திரகலா வீட்டில் சாப்பாட்டு நேரம் என்று நாங்களும் சாப்பிடப் போவோம்.

வேலை போன புஷ்பகலாவுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தவரும் அந்த மனுஷன்தான். திருநெல்வேலியில் யாரிடமோ பழசாக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, "இந்தா, ஒரு எழவும் ஒழுங்கா வேலை செய்யாது, சார்ஜரு வேற லூசு, பாத்து வச்சுக்க" என்று கொடுத்தார். அவர் அன்பாகப் பேசிய பேச்சு என்று தெருவில் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிக்கலாம் என்று செல்போனில் வந்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு புஷ்பகலா எழுத ஆரம்பித்தாள். தெரு நாயைக் கண்டால் மாடிக்கு ஓடுகிறவள் மழைக்காலத்தில் நாய்க்குட்டியைப் பராமரிப்பது எப்படி என்று எழுதினாள். மதுரையைத் தாண்டாதவள் பாரிஸில் மலிவாகத் தங்க வேண்டிய விடுதிகளைப் பற்றி எழுதினாள். ஒன்றிலும் அவள் பேர் வராது, எழுதிக் கொடுத்ததும் அது வேறு யாருக்கோ சொந்தம். அதற்கெல்லாம் யாரும் பஸ் ஏறி வரவில்லை. அப்புறம்தான் கிஷோர் என்ற ஒருவன், முகம் பார்த்ததில்லை, வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் அனுப்புகிறவன், ஆன்லைனில் விற்கிற பொருள்களுக்குக் கருத்துரை எழுதுகிற வேலையை அவளுக்குக் கொடுத்தான். தைலம் வாங்கினேன், நன்றாக இருக்கிறது என்று, வாங்காதவர்கள் வாங்கியது போல எழுத வேண்டும்.

"மேடம், வெறும் பாராட்டா போட்டா ஒருத்தனும் நம்ப மாட்டான் மேடம்," என்றது கிஷோரின் குரல். "பேர், வயசு, ஊர், வீட்டு விஷயம் ஏதாவது ஒண்ணு. கடைசில ஒரு சின்ன மைனஸ் போடுங்க. பொருளப் பத்தி இல்ல மேடம், டெலிவரியப் பத்திப் போடுங்க. அந்த மைனஸ்தான் மேடம் விக்கும்."

ஊருக்கு அவள் எங்கே போவாள், பூவாணிப்பட்டி என்று சொந்த ஊரையே போட்டாள், தெருவையும் போட்டாள். பேருக்குத்தான் திண்டாட்டமாக இருந்தது. டேங்க்கின் சுற்றுச்சுவரில்தான் எங்கள் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களெல்லாம் ஒட்டுவது வழக்கம், மாடி ஜன்னலைத் திறந்தால் அந்தச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். உயிரோடு இருக்கிறவர்கள் பேரைப் போட்டால் வந்து சண்டை பிடிப்பார்கள், செத்தவர்கள் வந்து கேட்கப்போகிறார்களா என்று அவள் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பேரை எடுத்தாள். ரைஸ் மில் வீட்டுச் சுலோச்சனா அம்மாள் அப்படித்தான் மூட்டு வலி தீர்ந்தவளானாள். அந்த அம்மாளின் மகன்கள் கேள்விப்பட்டு ஓடி வந்தார்கள், பஸ்ஸில் வந்தவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், பேர்தான் ஒன்று, முகம் வேறு என்றதும் சொத்துக்குப் பங்கம் இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அதன் பிறகு அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். புஷ்பகலா எழுதி, கிஷோர் சரிபார்த்து, கம்பெனிக்காரன் வெளியிட்டதும், மறுநாள் மத்தியான மினி பஸ்ஸில் அந்த ஆள் வந்து இறங்கினார். முடி கொட்டுவது நின்ற விஜயராகவன் வந்தார், ஒரே துவையலில் கறை போன அன்னபாக்கியம் வந்தாள், ஆஸ்துமா குணமான ஓய்வு பெற்ற தபால்காரர் வந்தார், எல்லோரும் கசங்காத உடையோடு, எல்லோரும் திருப்தியோடு, எல்லோருக்கும் பார்சல் மட்டும் ஒரு நாள் தாமதம். கண்டக்டர் முதலில் அவர்களிடம் டிக்கெட் கேட்டுப் பார்த்தான், எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று அவனுக்கே தெரியாததால் பிறகு விட்டுவிட்டான்.

ஊர் அவர்களை எப்படி வைத்துக்கொண்டது என்று கேட்டால், தலைமேல் வைத்துக்கொண்டது. காரை பெயர்ந்த சுவரையும் ஒழுகுகிற கூரையையும் வாடகைக்கு விட்டுவிட்டுக் குடித்தனக்காரர்களின் வசவை வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களுக்கு யோகம் அடித்தது. இவர்கள் ஒழுகுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு காற்றோட்டம் பிரமாதம் என்றார்கள். வாடகை எங்கிருந்து வந்ததென்று கொடுத்தவர்களும் சொல்லவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் தினமும் ஒருவரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார். மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மருமகள்கள் அவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, அருமை என்ற வார்த்தையைக் காதாரக் கேட்டு அனுப்பினார்கள். கவுன்சிலர் அவர்களுக்கெல்லாம் ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தார், நாங்கள் கேட்டு நடையாய் நடந்து கிடைக்காத கார்டு.

விஷயம் எங்கே உறைத்ததென்றால், தண்ணீரில் உறைத்தது. வாரக்கணக்கில் தண்ணீர் வராமல் நாங்கள் காலிக் குடங்களை ரோட்டில் அடுக்கி மறியல் செய்தபோது ஜீப்பில் வந்த அதிகாரி, தெருவில் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்றார். சுலோச்சனாவும் விஜயராகவனும் அன்னபாக்கியமும் மற்றவர்களும் முன்னால் வந்து நின்று, தண்ணீர் மிகவும் திருப்தி, ஒரு நாள் மட்டும் தாமதம் என்றார்கள். ஒரு நாள்தானே, அதற்கா ரோட்டை மறிக்கிறீர்கள் என்று அவர் எங்களைத் திட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். அதிலிருந்து நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கப் பழகிக்கொண்டோம், சிடுசிடுவென்று இருந்து என்ன கண்டோம், ரேஷன் கடையில் சிரித்து நின்றவனுக்குத்தானே முதலில் எடை போடுகிறான். வெட்கம் கெட்ட ஜென்மங்கள் நாங்கள், ஒப்புக்கொள்கிறோம்.

பழகாதவர் தங்கமாரியப்பன் ஒருவர்தான்.

அவரைத்தான் புஷ்பகலாவின் எழுத்து பிடித்தது. கிஷோர் கொடுத்த அடுத்த வேலை சர்க்கராந்தகப் பொடி, காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு கரண்டி, ஊசியே வேண்டாம். புஷ்பகலா அதற்கும் எழுதினாள், ஊசியைத் தூக்கிப் போட்டேன் என்று எழுதினாள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் லட்டு சாப்பிட்டேன் என்று எழுதினாள். அவள் எழுதிய சர்க்கரைக்காரர்களெல்லாம் மினி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், இறங்குகிற இடத்துக்கு எதிரிலேயே சைக்கிள் ஸ்டாண்டு. நிழலுக்கு அங்கேதான் நின்றார்கள், நின்று அவரிடம் சொன்னார்கள்.

"அத்தான், அது பூராம் நான் எழுதுனது," என்றாள் புஷ்பகலா, வீட்டில் பொடி டப்பாவைப் பார்த்ததும். "நான் கண்ணால கூடப் பாக்காத பொடி. அந்த ஆளுகளே நான் எழுதித்தான் வந்தாக. ஊசிய நிறுத்திராதிய."

"நீ எழுதுனா என்ன, எவன் எழுதுனா என்ன?" என்றார் தங்கமாரியப்பன். "ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் மருந்து சொன்னான், நான் கேட்டனா? எல்லாம் ஆகா ஓகோன்னு சொல்லுத பயலுக. இவுக அப்படி இல்லட்டி. பார்சலு லேட்டுன்னு மூஞ்சிக்கு நேராக் கொறை சொல்லுதாகள்லா. கொறை சொல்லுத மனுசன் பொய் சொல்ல மாட்டான்."

ஜன்மம் முழுக்கக் குறை சொல்லியே வாழ்ந்த மனுஷன் குறை சொல்கிறவர்களை நம்பினார், அவ்வளவுதான். பொடியைக் குடித்துவிட்டு, கசக்குது, டப்பா மூடி சரியில்லை, கரண்டி சின்னது என்று அதையும் குறை சொன்னார். அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றிக் கெஞ்சினார்கள், ஊசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள், அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காலில் ஒரு கொப்புளம் வந்தது, அது புண்ணானது, புண் கறுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது ஆட்டோக்காரன் பள்ளத்தில் விடுகிறான் என்று திட்டினார், பாதி வழியில் திட்டு நின்றது. அப்போதே சந்திரகலாவுக்குத் தெரிந்துவிட்டது.

துக்க வீட்டுக்கு அவர்களும் வந்தார்கள். எங்களோடு வரிசையாக உட்கார்ந்தார்கள், உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனபோது கூடவே நடந்தார்கள், சந்திரகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக, "சர்க்கராந்தகப் பொடி பயன்படுத்திய மூன்றே மாதங்களில் என் சர்க்கரை முற்றிலும் குறைந்தது. மிகவும் திருப்தி," என்றார்கள். நாங்கள் யாரும் அவர்களைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. டேங்க் சுவரில் தங்கமாரியப்பனின் போஸ்டர் ஒட்டினார்கள், போட்டோவில் கூட அவர் போட்டோக்காரனை முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

சந்திரகலா தங்கையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் பொடி கம்பெனி மேல் புகார் கொடுத்தாள், என் வீட்டுக்காரரை இந்தப் பொடி கொன்றது என்று ஒருத்தர் வாயிலிருந்து வர வேண்டும், அது போதும் என்றாள். புகார் வாங்கியவர்கள், உங்கள் தெருவிலேயே இத்தனை பேர் குணமாகி உட்கார்ந்திருக்கிறார்களே, பாதிக்கப்பட்ட ஆள் இன்னொருத்தர் இருந்தால் கூட்டி வாருங்கள், அப்புறம் விசாரணைக்கு வருகிறோம் என்றார்கள். சந்திரகலா வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்களில் பொடி குடித்துத் தலைசுற்றி விழுந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அதிகாரி, புகார், கையெழுத்து என்றதும் எங்களுக்கு அந்தப் புதுச் சிரிப்பு தானாக வந்துவிட்டது.

கடைசியில் அவள் மாடிக்கு ஏறிப் போனாள்.

"ஏட்டி, நீ எழுதுனா ஆள் வருதுல்லா," என்றாள். "எனக்கு ஒரு ஆள் எழுது. அந்தப் பொடியக் குடிச்சுக் கெட்டுப்போன ஆளு ஒண்ணு. வந்து சொல்லட்டும்."

புஷ்பகலா எழுதினாள். காசுக்கு இல்லாமல் அவள் எழுதிய முதல் கருத்துரை அதுதான், அழுதுகொண்டே எழுதினாள், நட்சத்திரம் ஒன்றே ஒன்று போட்டாள். மறுநாள் மத்தியானம் சந்திரகலா குடையோடு மினி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். யாரும் இறங்கவில்லை. அடுத்த நாளும் நின்றாள், அதற்கடுத்த நாளும் நின்றாள், பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது, அவள் மூடிக் கிடக்கிற சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். நாலு நட்சத்திரத்துக்குக் கீழே எழுதியது எதையும் கம்பெனிக்காரன் வெளியிடுவதில்லை, வெளியிடாத ஆள் பஸ் ஏறுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிஷோரின் குரல் வந்தது. "மேடம், சர்க்கராந்தகத்துக்கு இன்னும் ஒண்ணு வேணும் மேடம். ஏதோ கம்ப்ளெயின்ட் போயிருக்காம். இந்தத் தடவை போட்டோவோட கொடுங்க. ஒரிஜினல் முகமா இருக்கணும்."

புஷ்பகலா ஜன்னலைத் திறந்தாள். சுவரிலிருந்து அத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். கீழே அக்கா குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தாள், சில மாதங்களுக்குள் கிழவியாகிவிட்ட அக்கா. அப்போது புஷ்பகலாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவரையே எழுதிவிட வேண்டியது. பாராட்டாகத்தான் எழுத வேண்டும், வேறு வழியில்லை, ஆனால் கடைசியில் ஒரு சின்னக் குறைக்கு இடம் உண்டல்லவா, அந்த இடத்தில் அத்தான் முழுவதையும் வைத்துவிட வேண்டியது. அவர் மட்டும் வந்து இறங்கிவிட்டால் போதும், அவர் வாயை எந்தக் கம்பெனிக்காரன் மூடுவான், விசாரணை அதிகாரியை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாரே. அக்காவுக்குப் புருஷனும் ஆச்சு, சாட்சியும் ஆச்சு.

பாராட்டை இரண்டு வரியில் முடித்துவிட்டு அவள் குறையை எழுதினாள். பொடி கசக்கிறது, கரண்டி சின்னது, டீ ஆறிப்போய்விட்டது, மழை சரியாகப் பெய்யவில்லை, சார்ஜர் லூஸ், ஆட்டோவைப் பள்ளத்தில் விடுகிறான், மேளக்காரனுக்குச் சாப்பாடு போடவில்லை, குழம்பா குழாய்த் தண்ணீரா என்று தெரியவில்லை என்று அவர் ஆயுசு முழுக்கச் சொன்னதை ஒன்று விடாமல் எழுதினாள். இதுவரை எழுதியதிலேயே பொய் கலக்காமல் எழுதியது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. போஸ்டர் போட்டோவையும் சேர்த்து அனுப்பினாள்.

கிஷோர் கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்பினான். "சூப்பர் மேடம். மைனஸ் மட்டும் கொஞ்சம் ஓவரா போயிருச்சு, நானே எடிட் பண்ணிட்டேன்."

மறுநாள் மத்தியானம் தங்கமாரியப்பன் வந்து இறங்கினார். அதே முகம், அதே வழுக்கை, காலில் புண் இல்லை, சட்டையில் கசங்கல் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவுக்குள் நடந்து வந்தார், நாங்கள் குடங்களோடு விலகி வழிவிட்டோம், ஒருவர் வணக்கம் கூடச் சொன்னார். குடையும் கையுமாக எதிரே வந்த சந்திரகலா குடையைக் கீழே போட்டாள்.

"என் பெயர் தங்கமாரியப்பன்," என்றார் அவர். "வயது ஐம்பத்தொன்று. சர்க்கராந்தகப் பொடியால் இன்று முழு ஆரோக்கியத்துடன் இருக்கிறேன். மிகவும் திருப்தி. பார்சல் மட்டும் ஒரு நாள் தாமதமாக வந்தது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த முகத்தில் நாங்கள் சிரிப்பைப் பார்த்ததில்லை, பார்க்கச் சகிக்கவில்லை.

மாடி ஜன்னலில் புஷ்பகலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

விசாரணை அதிகாரி அந்த வாரமே வந்தார், கம்பெனிக்காரன்தான் வண்டி ஏற்பாடு செய்து அனுப்பினான் என்று பேசிக்கொண்டோம். சந்திரகலா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், தெரு முழுக்கக் கூடிவிட்டது. செத்துப்போனதாகப் புகாரில் சொல்லப்பட்டவர் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார், கொடுத்துவிட்டுத் தன் பேர், வயசு, திருப்தி எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி சந்திரகலாவைப் பார்த்தார்.

"என்னம்மா இது? இவர் உங்க வீட்டுக்காரர்தானா, இல்லையா? இல்லைன்னா சொல்லுங்க, ஆள்மாறாட்டம்னு இப்பவே வண்டியில ஏத்திட்டுப் போறோம். ஆமான்னா, புகார இங்கயே முடிச்சிரலாம்."

சந்திரகலா அவரைப் பார்த்தாள். நெற்றியிலிருந்த தழும்பு அதே இடத்தில் இருந்தது, காதோரம் நரைத்த முடி அதே மாதிரி நரைத்திருந்தது. மாடியிலிருந்து ஓடி வந்த புஷ்பகலா, "அக்கா, இது அத்தான் இல்லக்கா, இது நான் எழுதுனதுக்கா, இல்லன்னு சொல்லிரு" என்று கத்தினாள். அவள் உண்மையைத்தான் சொன்னாள், ஆனால் எத்தனையோ பேரை எங்களுக்குள் எழுதி விட்டவள் சொல்கிற உண்மையை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அதிகாரியின் ஆள் தங்கமாரியப்பனின் தோளில் கையை வைத்தான். தங்கமாரியப்பன் அவனையும் பார்த்துச் சிரித்தார்.

"கைய எடுங்க," என்றாள் சந்திரகலா. "அவுகதான். என் வீட்டுக்காரர்தான்."

அதோடு புகார் முடிந்தது. பொடி எங்கள் ஊர் மளிகைக் கடையிலேயே இப்போது கிடைக்கிறது. தங்கமாரியப்பனின் கருத்துரைதான் இதுவரை வந்ததிலேயே நன்றாக விற்றது என்று கிஷோர் சொன்னானாம், ஒரிஜினல் முகம் ஒரிஜினல் முகம்தான் மேடம் என்றானாம். புஷ்பகலா லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாள் என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். சைக்கிள் ஸ்டாண்டு மூடியே கிடக்கிறது, அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிட வேண்டும், அவள் எழுதுகிறாள், ஜன்னலை மட்டும் திறப்பதில்லை.

சந்திரகலா அன்றைக்கே அவருக்குச் சோறு போட்டாள். குழம்பு அருமை என்றார். மறுநாள் காரத்தை அள்ளிப் போட்டாள், அருமை என்றார். அதற்கு மறுநாள் புளியை விட்டுவிட்டாள், அப்புறம் பருப்பை வேகவிடாமல் இறக்கினாள், சோற்றில் கல்லைக் கூடப் பொறுக்காமல் விட்டாள், அவர் கல்லையும் கடித்து மென்றுவிட்டு மிகவும் திருப்தி என்றார். இப்போது அந்த வீட்டில் உப்பே வாங்குவதில்லை. உப்பில்லாத குழம்பைத்தான் தினமும் வைக்கிறாள், அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் முதல் கவளத்தை எடுக்கிறபோது அவர் வாயையே பார்க்கிறாள்.

தண்ணீருக்கு நிற்கிற எங்களுக்கு எல்லாம் கேட்கும். முதலில் தட்டு வைக்கிற சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், அடித்தொண்டையிலிருந்து எரிச்சலோடு வருகிற பழைய குரல், "ஏளா, இது கொழம்பா, கொழாய்த் தண்ணியா?" என்று கேட்கும். முதல் தடவை கேட்டபோது வரிசையில் எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே சந்திரகலாதான் கழுத்து நரம்பு புடைக்க அந்தக் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, பதில் சொல்லவேண்டியது தான்தான் என்பதை மறந்துபோய், எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

"மிகவும் திருப்தி," என்றார் அவர். "பார்சல் மட்டும் ஒரு நாள் தாமதம்."